காலி அட்டைப்பெட்டியும் ஒரு தொழிற்சங்கமும்

இன்டராக்‌ஷன் டிசைன் பற்றி இப்போது வருகிற கட்டுரைகளைப் புரட்டினால் ‘பங்கேற்பு’ என்ற சொல் எங்கும் கண்ணில் படுகிறது. பயனர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். கலர் கலராகச் சீட்டு ஒட்டச் சொல்கிறார்கள், பேப்பரில் திரை வரையச் சொல்கிறார்கள். சரி, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு தேடிக்கொண்டு போனேன். அந்தத் தேடல் ஒரு டிசைன் ஸ்டுடியோவில் போய் முடியும் என்றுதான் நினைத்தேன். முடிந்த இடம் நார்வேயின் ஒரு தொழிற்சங்கம்.

கிறிஸ்டன் நீகார்ட் என்ற பெயர் கணினி படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஓலே-யோஹன் தாலுடன் சேர்ந்து சிமுலா மொழியை உருவாக்கியவர். 2001ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. அதே நீகார்ட் 1970களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு வேலை செய்தார். தொழிற்சாலைகளுக்குள் கணினி நுழைந்துகொண்டிருந்த காலம் அது. நிர்வாகத்திடம் கணினி நிபுணர்கள் இருந்தார்கள், சங்கத்திடம் இல்லை.

சங்கத்துக்கு ஆய்வறிக்கை எழுதித் தருவதுதான் முதல் திட்டம். போகப் போக அதை மாற்றிக்கொண்டார்கள். உள்ளூர்க் கிளைகளில் தொழிலாளர்களே உட்கார்ந்து படித்து, பேசி, அதன் பிறகு என்ன செய்கிறார்களோ அதுதான் ஆய்வின் முடிவு என்றார்கள். இதன் தொடர்ச்சியாக, 1975ல் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் கூட்டமைப்புக்கும் இடையே நாடு தழுவிய ஒப்பந்தம் வந்தது. கணினி முறைகளைப் பற்றி முன்கூட்டியே தகவல் பெறவும், அதற்கென்று தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கவும் தொழிலாளர்களுக்கு வழி பிறந்தது.

ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் இதே போன்ற திட்டங்கள் நடந்தன. ஆனா ஒரு சிக்கல். பேரம் பேசலாம், எதிர்க்கலாம். வாங்குவதற்குச் சந்தையில் இருந்த இயந்திரங்களோ தொழிலாளியின் திறமையை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அப்படின்னா மாற்று இயந்திரத்தை நாமே வடிவமைத்தால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்துதான் 1981ல் ‘உட்டோபியா’ திட்டம் பிறந்தது. நார்டிக் அச்சுத் தொழிலாளர் சங்கமும், பெல்லே என், சூசன் பூட்கர், மார்ட்டன் கிங் போன்ற ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள்.

நாளிதழ் பக்கம் அமைக்கும் வேலை கணினிக்கு மாறப்போகிறது என்பது அச்சுத் தொழிலாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கையால் வெட்டி ஒட்டிப் பக்கம் கட்டியவர்களின் கண்ணும் கையும் கற்ற பாடத்துக்கு இனி என்ன மதிப்பு? பந்தயத்தில் வைக்கப்பட்டிருந்தது இதுதான்.

ஆய்வாளர்கள் முதலில் கட்டங்களும் அம்புக்குறிகளும் போட்ட வரைபடங்களோடு போனார்கள். வேலைக்கு ஆகவில்லை. அச்சுத் தொழிலாளர்களுக்கு அதில் தங்கள் வேலை தெரியவே இல்லை. பிறகு அட்டை, பிளைவுட், காகிதம், ஸ்லைடு புரொஜெக்டர் இவற்றை வைத்து ஒரு போலிக் கணினியைக் கட்டினார்கள். திரை இருக்க வேண்டிய இடத்தில் காகிதம். பக்கத்தில் ‘லேசர் பிரிண்டர்’ என்று எழுதிய காலி அட்டைப்பெட்டி. மேசை மேல் வைக்கும் லேசர் பிரிண்டர் அப்போது கடைக்கே வரவில்லை. தொழிலாளர்கள் அந்தப் பொம்மையின் முன் உட்கார்ந்து பக்கம் கட்டும் வேலையைச் செய்து பார்த்தார்கள். ‘இது சரி, இது ஒத்துவராது’ என்று அப்போதுதான் பேச்சு வந்தது. இன்றைய பேப்பர் புரோட்டோடைப்பின் முன்னோர்களில் இது முக்கியமானது.

முடிவு இனிப்பானது இல்லை. இதன் கருத்துகளைக் கொண்டு உருவான டிப்ஸ் என்ற அமைப்பை ஸ்டாக்ஹோமின் ஆஃப்டன்பிளாடெட் நாளிதழில் சோதித்தார்கள். ஆனால் அது சந்தையில் நிலைக்கவில்லை. பக்க அமைப்பில் பத்திரிகையாளர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களின் சங்கம் திட்டத்தில் இல்லை. யாரை உள்ளே விடுவது என்பதும் அதிகாரம்தான். அதை உட்டோபியாவே சரியாகக் கையாளவில்லை.

இன்று அந்த அட்டைப்பெட்டி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது; சங்கம் கூடப் போகவில்லை. உணவு டெலிவரி ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வண்டி ஓட்டுபவரிடம் ‘பட்டன் தெரியுதா, எழுத்து பெரிசா இருக்கா’ என்று கேட்கலாம். ரேட்டிங் எப்படிக் கணக்காகிறது, அது குறைந்தால் அவருக்கு என்ன ஆகும் என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்வது வேறு விஷயம். முன்னதை ஆராய்ச்சி என்கிறோம். பின்னது நிர்வாக முடிவு என்று அறைக்கு வெளியே வைக்கப்படுகிறது.

உட்டோபியாவில் இருந்த பூட்கரும் கிங்கும் 2018ல் சேர்ந்து எழுதிய கட்டுரையில், பங்கேற்பு வடிவமைப்பு பெரிய பிரச்சினைகளை விட்டு விலகிப் போய்விட்டது என்றே வாதிடுகிறார்கள். தொடங்கியவர்களே சொல்வதால் அதற்குக் கனம் அதிகம்.

இனிமேல் ‘பயனர்களோடு சேர்ந்து வடிவமைத்தோம்’ என்ற வரியை எங்கே பார்த்தாலும் நான் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதி வைக்கப்போகிறேன்: அவர்கள் ‘இது எங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?