தேசிகரின் குதிரையும் முப்பத்தாறு இலக்க எண்ணும்

மேல்கோட்டை பற்றிய பதிவுகளில் அண்மைக்காலமாக ஒரு கூற்று தவறாமல் இடம்பெறுகிறது. சதுரங்கக் குதிரை ஒவ்வொரு கட்டத்தையும் ஒருமுறையே மிதித்துப் பலகை முழுவதும் சுற்றும் வழியை உலகில் முதன்முதல் கண்டவர் வேதாந்த தேசிகர் (1268–1369) என்பது அக்கூற்று. அது பிழை. ஆய்லரின் 1759ஆம் ஆண்டு ஆய்வுரைக்கு அவர் நான்கு நூற்றாண்டு முந்தியவர் என்பது மெய்யே. ஆயினும் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே காசுமீரத்து உருத்திரடர் தம் காவியாலங்காரத்தில் அச்சுற்றைச் செய்யுளாக அமைத்துவிட்டார்.

திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளான காலத்தில் தேசிகர் மேல்கோட்டைப் பகுதியில் புகலடைந்திருந்தார் என்பர் மரபாளர். பாதுகா சகஸ்ரம் பாடப்பட்டதோ திருவரங்கத்தில், அதுவும் ஓரிரவில், என்பது அதே மரபு. ஊர்ப்பற்றின் பொருட்டு நூலின் பிறப்பிடத்தை மாற்ற வேண்டியதில்லை.

அந்நூலின் 929ஆம் சுலோகத்தின் 32 அசைகளை, வரிசைக்கு எட்டாக, நான்கு வரிசைகளில் எழுதுக. இடப்பக்க மேல்மூலையிலிருந்து குதிரைப் பாய்ச்சலில் படித்துச் சென்றால் 930ஆம் சுலோகம் கிடைக்கும். குதிரை மேலிரு வரிசைகளில் வலப்புறம் ஓடி, கீழிரு வரிசைகளில் இடப்புறம் மீள்கிறது. கட்டம் கட்டமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். உருத்திரடரின் பாதையும் இதுவே, ஒரு கட்டமும் மாறவில்லை! பாதை தேசிகரின் கண்டுபிடிப்பன்று.

பின் அவர் செய்தது யாது? அதை அளக்க ஓர் எண் உதவும். 32 அசைகளை வரிசைப்படுத்தும் வழிகள் 32இன் தொடர்பெருக்கம், அதாவது 1 முதல் 32 வரையுள்ள எண்களின் பெருக்குத்தொகை:

263130836933693530167218012160000000.

முப்பத்தாறு இலக்கங்கள். ஈற்றிலுள்ள ஏழு சுழியங்கள் தற்செயலல்ல: 5, 10, 15, 20, 30 ஆகியவை ஒவ்வோர் ஐந்தையும், 25 இரண்டு ஐந்துகளையும் தருகின்றன, இணைசேர இரண்டுகளோ 31 உள்ளன. இவ்வெண்ணை வகுக்கும் மிகப்பெரிய பகா எண்ணும் 31தான். நொடிக்குக் கோடி கோடி வரிசைகளைச் சோதிக்கும் கணினிக்கும் இவற்றை முடிக்க ஏறத்தாழ 83 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும்.

அசைகள் மீண்டும் வந்தால் எண் சுருங்கும். உருத்திரடரின் செய்யுளில் நா, லீ ஆகிய இரண்டே அசைகள் பதினைந்து பதினைந்தாக முப்பது இடங்களை நிரப்புகின்றன. வேறுபட்ட வரிசைகள் அங்கே 12 இலக்க எண்ணாகின்றன. குதிரை சுற்றி வந்தாலும் அதே செய்யுள்தான் மீள்கிறது. தேசிகரிடத்தில் நான்குமுறை வரும் அசை ஒன்று, மும்முறை வருவன இரண்டு, இருமுறை வருவது ஒன்று. இவற்றுக்காக 24×6×6×2 = 1728ஆல் வகுத்தாலும் 33 இலக்கங்கள் எஞ்சும். அத்தனை வரிசைகளுள், முன்னரே விதிக்கப்பட்ட ஒன்று மட்டும் யாப்பு குன்றாமல் வேறொரு பொருளுள்ள செய்யுளாகியாக வேண்டும். பாதையைக் காண்பது இதனோடு ஒப்பிட எளிது. இந்த 4×8 பலகையில் அத்தகைய பாதைகள் 62,176 உள.

அவற்றுள் ஒன்றேனும் தொடங்கிய இடத்திற்கு மீளும் சுற்றாவதில்லை. நான்கு வரிசைப் பலகையில் அது இயலாது. தேசிகரின் குதிரையும் கடைசி வரிசையின் மூன்றாம் கட்டத்தில் நின்றுவிடுகிறது.