நோய்க்குறியியல் உறைவிட மருத்துவரின் ஆயத்தப் பயிற்சி

நோய்க்குறியியல் உறைவிட மருத்துவர் என்பார், எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்று, நீட் முதுநிலைத் தேர்வின் வாயிலாக எம்.டி. படிப்பில் சேர்ந்து, மூன்றாண்டுக் காலம் மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில் பணியையும் பயிற்சியையும் ஒருசேர மேற்கொள்ளும் இளம் மருத்துவர். சஸ்திர சிகிச்சையில் அகற்றப்பட்ட உறுப்பையும், ஊசியால் உறிஞ்சி எடுத்த உயிரணுக்களையும், இரத்தத்தையும், பிற சரீரத் திரவங்களையும் பரிசோதித்து வியாதி இன்னதென்று நிர்ணயிப்பது இத்துறையின் கடமை. புதிதாகச் சேர்பவரை அக்கடமைக்கு ஆயத்தப்படுத்தும் முதல் சில மாதங்களே இங்கே கூறப்படுகின்றன. இந்திய மருத்துவக் கல்லூரிகளின் நடைமுறையே விவரிக்கப்படுகிறது.

பாதுவா நகரத்துப் பேராசிரியர் மோர்காக்னி, ஏறத்தாழ 700 பிரேத பரிசோதனைகளின் அனுபவத்தைத் திரட்டி, முதிர்ந்த வயதில், 1761ஆம் ஆண்டில், நோய்களின் இருப்பிடங்களையும் காரணங்களையும் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டதன் பயனாக, நோய் என்பது சரீரம் முழுவதையும் பொதுவாகப் பீடிக்கும் தோஷம் அன்று, ஓர் உறுப்பில் இடங்கொண்டு நிற்பது என்னும் கொள்கை வேரூன்றியது. 1858இல் பெர்லினில் நோய்க்குறியியலாளர் விர்ஹோ அவ்விடத்தை உறுப்பினின்றும் உயிரணுவுக்குக் கொண்டு சென்றார். மருத்துவமனையிலேயே வசித்துப் படிப்படியாகப் பொறுப்பேற்றுப் பயிலும் முறை, அமெரிக்காவில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உருப்பெற்றுப் பிற தேசங்களுக்கும் பரவியது. இந்தியாவில் இத்துறைக்கு ஆராய்ச்சி மரபை அளித்தவர்களுள் முதன்மையானவராகப் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையின் கானோல்கர் (1895–1978) போற்றப்படுகிறார்.

புதிதாக வருபவரின் நிலையை ஆசிரியர் முதலில் உணர வேண்டும். முந்திய ஓராண்டு முழுவதும் அவர் பிரசவ அறையிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் இரவு பகலாக உழைத்தவர். நாடி பார்க்கவும் ஊசி போடவும் பழகிய கை அவருடையது. திசுவியலை அவர் படித்ததோ எம்.பி.பி.எஸ். முதலாண்டில், இடையே ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழிந்துவிட்டன. ஆதலால், முதல் வாரத்திலேயே புற்றுநோய் ஸ்லைடுகளை அவர் முன் அடுக்குவது பிரயோஜனமற்றது என்பதே என் அபிப்பிராயம். நோயற்ற உறுப்புகளின் ஸ்லைடுகள் கொண்ட ஒரு பெட்டியைக் கொடுத்து, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, மாதவிடாய்ச் சுழற்சியின் வெவ்வேறு நாட்களில் எடுத்த கருப்பை உட்படலம் என ஒவ்வொன்றையும் வரைந்து பழகச் செய்வதே சரியான ஆரம்பம். விந்துப்பையின் உட்புற உயிரணுக்கள், முதியவர்களிடத்தில், பருத்துக் கறுத்த உட்கருக்களோடு பயங்கரமாகத் தோன்றும். புரோஸ்டேட் சுரப்பியில் ஊசியால் எடுத்த சதைத்துணுக்கில் அவை தற்செயலாக வந்துவிட்டால், அவற்றிலுள்ள பொன்பழுப்பு நிறத் துகள்களைக் கண்டு இது இயல்பான திசுவே என்று அறியாதவர், ஆரோக்கியமான ஒருவருக்குப் புற்றுநோய் என்று எழுதிவிடக் கூடும்.

அடுத்தது கிராசிங். வந்த உறுப்பை வெறுங்கண்ணால் பார்த்து, அளந்து, எடைபோட்டு, அறுத்து, விவரித்து, நுண்ணோக்கிக்குச் செல்லவேண்டிய துண்டுகளைத் தேர்ந்தெடுக்கும் இவ்வேலை, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தின் நெடியில் கண் எரிய நின்றுகொண்டே செய்வதாகையால், பலரால் தாழ்வாகக் கருதப்பட்டு, ஓராண்டு மூத்தவர் புதியவர் தலையில் கட்டிவிட்டுப் போகும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. இதைவிடப் பெருந்தவறு இத்துறையில் வேறில்லை. நுண்ணோக்கியின் கீழ் ஒன்றைத் தவறாகப் பார்த்தால் பேராசிரியர் திருத்துவார். அவர் கண்ணுக்கே வராத துண்டை எவர் திருத்துவது?

ஸ்தனம் முழுவதையும் அகற்றிய ஒரு பெண்மணியின் உறுப்பு மாலையில் வந்து சேர்வதாகக் கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது உறுப்பையன்று. குடுவையின் மேல் ஒட்டிய பெயரும் எண்ணும் கோரிக்கைத் தாளில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்பதையே. ஒவ்வாவிடில், எவ்வளவு அவசரமாயினும், அறுவை அரங்குக்குச் சொல்லியனுப்பி, ஐயம் தீருமட்டும் கத்தியைத் தொடலாகாது. அடுத்து, ஃபார்மலின் திசுவுக்குள் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழமே ஊடுருவும் என்பதை நினைவிற்கொண்டு, உறுப்பை அன்றிரவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வாழைக்காய் சீவுவதுபோல் சீவி, திசுவைப்போல் பத்து மடங்கு திரவத்தில் அமிழ்த்த வேண்டும். சிறிய குடுவையில் திணித்து முழுதாக விட்டுவிட்டால், வெளிப்புறம் விறைத்து நிற்க, நடுவிலுள்ள கட்டி காலைக்குள் தானே சிதையத் தொடங்கிவிடும்; சிதைந்த திசுவில் ஹார்மோன் ஏற்பிகளைக் காட்டும் சோதனை பொய்யாக இல்லையென்று கூறக்கூடும்; அப்பெண்மணிக்குப் பலனளித்திருக்கக் கூடிய மாத்திரை அவருக்குக் கிடைக்காமலே போகும். ஒரு குடுவையின் அளவு ஓர் உயிரின் சிகிச்சையை மாற்றிவிடும் என்பதை அந்த மேசையருகிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெருங்குடல் புற்றுநோயில் குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களையாவது தேடியெடுக்க வேண்டும் என்பது விதி. அவற்றில் நோய் பரவியுள்ளதா என்பதைக் கொண்டே மேற்கொண்டு கீமோ சிகிச்சை வேண்டுமா என்று பெரும்பாலும் தீர்மானிக்கிறார்கள். குடலைச் சார்ந்த மஞ்சள் கொழுப்பை விரல்களுக்கிடையே வைத்து மெல்லப் பிசைந்துகொண்டே போகும்போது, பயறளவில் ஏதோ ஒன்று உருண்டு நழுவும். அதைத் தவறவிடாமல் பிடிக்கும் சாமர்த்தியம் புத்தகத்தால் வருவதன்று, ஏழெட்டுக் குடல்களை ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்று பார்த்து விரலால் கற்பது.

எல்லாத் திசுவும் ஃபார்மலினுக்கு உரியதன்று என்பதும் முதல் மாதத்திலேயே மனத்தில் பதிய வேண்டும். சிறுநீரக பயாப்ஸியில் ஒளிர்சாயப் பரிசோதனைக்குரிய துணுக்கும், கிருமி வளர்ப்புக்குரிய துணுக்கும் ஃபார்மலினில் விழுந்தால் பாழ். அந்தத் திரவமோ மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையால் சேர்க்கப்பட்டது. புதிய திசுவில் காசநோய்க் கிருமிகள் உயிரோடு இருக்கக்கூடும். ஆகையால் கையுறை, காற்றை வெளியேற்றும் மேசை, மஞ்சள்காமாலை பி தடுப்பூசியின் மூன்று தவணைகள் ஆகியவை உறுதியான பின்னரே கத்தியைக் கையில் கொடுப்பது துறைத்தலைவரின் தர்மம்.

சில நாட்களேனும் புதியவர் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பருடன் அமர்ந்திருப்பது அவசியம். மெழுகில் பதித்த திசுவை மைக்ரோடோம் மூன்று முதல் ஐந்து மைக்ரான் கனத்தில் சீவ, அது நாடாவாக நீண்டு வெந்நீர்த் தொட்டியில் மிதந்து விரியும். மெக்ஸிகோவின் கம்பீச்சி மரத்தின் வைரத்திலிருந்து வரும் ஹிமடாக்சிலின் உட்கருவை நீலமாகவும், இயோசின் மற்றவற்றை இளஞ்சிவப்பாகவும் சாயமேற்றும். அந்த வெந்நீர்த் தொட்டியைத் துடைக்காமல் விட்டால், முந்திய நோயாளியின் புற்றுநோய்த் துணுக்கு அடுத்தவர் ஸ்லைடில் வந்து ஒட்டிக்கொள்ளும். இருபதாண்டு அனுபவமுள்ள தொழில்நுட்பர் இத்தகைய சூட்சுமங்களை விளக்கும்போது, பட்டத்தின் கர்வமின்றி, "அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கும் மருத்துவர் விரைவில் தேறுவார்.

நுண்ணோக்கிப் பயிற்சி பெரும்பாலும் பலர் ஒருங்கே பார்க்கும் பலதலை நுண்ணோக்கியில் நடைபெறுகிறது. எடுத்த எடுப்பில் 40 எக்ஸ் வில்லையைத் திருப்புவது ஆரம்பநிலையினர் அனைவரிடமும் காணும் பழக்கம். நல்லாசிரியர் முதலில் ஸ்லைடை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெறுங்கண்ணால் பார்க்கச் சொல்வார். பின் 4 எக்ஸில் திசுவின் அமைப்பு முழுவதையும் ஓரம் முதல் ஓரம் வரை பார்வையிடச் சொல்வார். ஊர் எதுவென்று தெரிந்த பின்னரே தெருவுக்குள் நுழைய விடுவார். பெயரைக் கேட்பதற்கு முன், கண்டதை வாக்கியமாகச் சொல்லச் செய்வதும் அவர் வழக்கம். "தெரியவில்லை" என்று கூசாமல் சொல்லக்கூடிய சூழ்நிலையை உருவாக்காத துறையில், புதியவர் ஊகத்தையே அறிவென்று பழகிவிடுகிறார். பின்னாளில் அவரது கையொப்பத்தை நம்பி ஒரு கால் துண்டிக்கப்படும் நாளில் அப்பழக்கத்தின் விலை தெரியும்.

நோயாளியை நேரில் காண்பதே இல்லை என்று எண்ணி இத்துறைக்கு வந்தவரை எஃப்.என்.ஏ.சி. அறை வியப்பில் ஆழ்த்தும். கழுத்திலோ மார்பிலோ உள்ள கட்டியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி உயிரணுக்களை எடுப்பவர் இந்நாட்டில் பெரும்பாலும் நோய்க்குறியியல் மருத்துவரே. "ரத்தம் எடுக்கிற மாதிரிதாம்மா, கொஞ்ச நேரம் அசையாம இருங்க" என்று சொல்லி, அஞ்சிய முகத்தைத் தேற்றி, பிறகே ஊசியை எடுப்பது பயிற்சியின் ஓர் அங்கம், நோயாளி அங்கேயே கேட்கும் "புத்துநோயாங்க?" என்ற கேள்விக்குப் பொய்யும் அவசரமும் கலவாத விடை கூறுவது இன்னோர் அங்கம்.

அறுவை அரங்கில் நோயாளி மயக்கத்தில் கிடக்க, உறையவைத்துச் சீவிய திசுவைக் கொண்டு சுமார் இருபது நிமிடத்தில் விடை சொல்லும் முறையை முதலாண்டினர் அருகிருந்து பார்ப்பதே போதும். இரத்தவியல், இரத்த வங்கி, சிறுநீர்ப் பரிசோதனை முதலியவை சுழற்சி முறையில் வரும். மருத்துவமனைகளில் நோயை அறியச் செய்யும் பிரேத பரிசோதனை அருகிவிட்டது வருந்தத்தக்கது. சட்டத்தின் பொருட்டான பிரேத பரிசோதனைகள் தடயவியல் துறையினுடையவை. முதலாண்டிலேயே ஆய்வேட்டுத் தலைப்பையும் பயிற்சிக் குறிப்பேட்டையும் தொடங்க வேண்டியிருப்பதால், புதியவரின் நேரம் இவற்றிடையே சிதறுகிறது. முதல் ஆறு வாரங்களையேனும் இயல்பான திசுவுக்கும் கிராசிங் மேசைக்கும் ஒதுக்கிக் காப்பது துறைத்தலைவர்களின் பொறுப்பு.

திசு பதித்த மெழுகுப் பிளாக்குகள் பல்லாண்டுகள் பேழைகளில் பாதுகாக்கப்படுகின்றன. சந்தேகம் எழுந்தால் எந்நாளும் மீண்டும் சீவலாம். துண்டெடுத்தபின் எஞ்சிய உறுப்போ, அறிக்கை வெளிவந்து சிறிது காலம் கழிந்ததும், மஞ்சள் நிறப் பையில் எரியுலைக்குச் சென்றுவிடுகிறது.