வளமில்லாத மண் தந்த சிவப்பு

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

நெடுங்கேணியில் தரம் 10 பிள்ளைகளுக்குத் தாவரப் போசணை படிப்பித்துக்கொண்டிருந்தேன். நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்று பலகையில் எழுதியதும் ஒருவன் எழும்பினான். "சேர், பசளை இல்லாத மணலில ஒண்டுக்கும் உதவாத செடிதானே வரும்?" வயல் செய்யிற வீட்டுப் பிள்ளை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது வீடு பட்ட பாட்டைக் கண்டவன். அவன் அப்படிக் கேட்டதில் பிழையில்லை. ஆனாலும் அவனுக்கு மன்னார்க் கதை ஒன்றைச் சொன்னேன்.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் மணல் நிலத்தில் தானாக முளைக்கும் சிறு பூண்டு சாயவேர். இம்பூறல் என்றும் சொல்வார்கள். கோப்பிச் செடியின் குடும்பம். மேலே பார்த்தால் ஆடு மிதித்துப் போகும் புல் மாதிரி இருக்கும். கீழே மெல்லிய வேர் நீளமாக இறங்கும். துணிக்குச் சிவப்பு ஏற்றும் அலிசரின் அந்த வேரின் பட்டையில்தான் இருக்கிறது.

அலிசரின் மூலக்கூறில் 14 காபன், 8 ஐதரசன், 4 ஒட்சிசன் அணுக்கள். நைதரசனோ பொசுபரசோ அதில் ஒரு அணுகூட இல்லை. எல்லாம் காற்றும் நீரும் கொடுத்தவை. அப்படியென்றால் மண் எதற்கு? அந்த மூலக்கூறைக் கட்டுகிற நொதியங்கள் புரதங்கள். புரதத்துக்கு நைதரசனும் கந்தகமும் வேண்டும். சக்திப் பரிமாற்றத்துக்குப் பொசுபரசு, பச்சையத்துக்கு மகனீசியம். வீடு கட்டுவதென்றால், காற்றும் நீரும் கல்லைக் கொடுக்கின்றன, மண் மேசனைக் கொடுக்கிறது.

நைதரசன் குறைந்த மண்ணில் செடியின் வளர்ச்சி தடைப்படும், ஆனால் இலை சீனி செய்வது அந்தளவுக்குக் குறையாது. மிஞ்சும் காபனைச் செடி தற்காப்புச் சேர்வைகளாக மாற்றுகிறது என்பது தாவரவியலாளர் சொல்லும் ஒரு விளக்கம். சாயம் துணியில் நிற்கப் படிகாரத்திலுள்ள அலுமினியம் வேண்டும், கல்சியமும் சேர்ந்தால்தான் சிவப்பு பளிச்சென்று வரும். சிப்பி ஓடு கலந்த மண்ணில் விளைந்த வேரைச் சோழமண்டலக் கரைச் சாயக்காரர் தேடி வாங்கியது சும்மா இல்லை.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். இந்த வேரின் வியாபாரத்தைக் கொம்பனி தன் கையில் வைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் கொமாண்டராக இருந்த ஸ்வார்டெக்ரூன் 1697இல் எழுதி வைத்த நிர்வாகக் குறிப்பிலும் சாயவேர் வருகிறது. வேர் தோண்டுவது விரும்பிச் செய்யும் தொழிலாக இருக்கவில்லை. இந்தச் சாதியில் பிறந்தால் இதைத் தோண்டிக் கொடுக்க வேண்டும் என்ற ஊழியம் அது. பின்னால் வந்த ஆங்கிலேயரும் சில காலம் அந்த வருமானத்தை விடவில்லை.

1868இல் ஜேர்மனியில் கிரேபெ, லீபர்மான் என்ற இரண்டு பேர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அந்திரசீனைக் கொண்டு அலிசரினைச் செய்தார்கள். அடுத்த வருடம் அவர்கள் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து ஒரு நாள் கழித்து, பேர்கினும் அதற்கு விண்ணப்பித்தார். ஆலைச் சாயம் மலிவானதும் உலகெங்கும் வேர்ச்சாயத்தின் சந்தை விழுந்தது. நம் மணலில் இருந்த செடி பிறகு யாருக்கும் தேவைப்படவில்லை.

கதையை முடித்தபோது அதே பிள்ளை திரும்பவும் எழும்பினான். "அப்ப தோண்டின ஆக்களுக்கு என்ன கிடைச்சது, சேர்?"

பசளையைப் பற்றித் தொடங்கிய பாடம் அந்தக் கேள்வியில் வந்து நின்றது. மூன்று வேதியியலாளரின் பெயரைப் பலகையில் எழுதியிருந்தேன். வெயிலில் குனிந்து வேரை முறியாமல் கிளறி எடுத்தவர்களில் ஒருவரின் பெயரும் அங்கே இல்லை. எந்த நிலத்தில், எந்த மாதத்தில், எந்த வேர் முற்றியிருக்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள்தான். அதுவும் விஞ்ஞானம்தான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

மன்னார், தீவகப் பக்கத்து உறவுகளே, உங்கள் ஊர் மூத்தவர்கள் யாராவது சாயவேரைப் பற்றிப் பேசியிருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த பாடத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.