பிரியோஷும் ராணியும், ஒரு வவுச்சர் இல்லாத என்ட்ரியும்

அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் வெண்ணெய் வைத்து மாவு மடிக்கிற வேலை எதுவானாலும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோதான் செய்ய முடியும், அதுவும் விடியற்காலையில். மற்ற மாதங்களில் வெண்ணெய் மேடையில் வைத்த அஞ்சு நிமிஷத்தில் எண்ணெயாகி ஓடிவிடும். போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு நான் சமையலறையில் லைட்டைப் போட்டதும் தங்கமணி எழுந்து வந்து கேட்ட முதல் கேள்வி: "என்னங்க, ஆடிட் ஏதாவது வருதா?"

ஆடிட் இல்லை. பிரியோஷ். பிரான்சு நாட்டு ரொட்டி. ரொட்டி என்று சொல்வதா கேக் என்று சொல்வதா என்பதில்தான் இந்தப் பதிவின் வம்பே இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

சாதா பிரியோஷ் என்றால் மைதா, முட்டை, பால், ஈஸ்ட், சர்க்கரை, நிறைய வெண்ணெய், அவ்வளவுதான். நான் செய்ய நினைத்தது அதிலேயே இதழ் இதழாக வரும் வகை. அரை கிலோ மைதாவுக்கு நாலு முட்டை, நூறு மில்லி பால், மாவுக்குள் நூறு கிராம் வெண்ணெய். பிசைந்த மாவை ஒரு ராத்திரி பிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் அதைச் சதுரமாகத் தேய்த்து, நடுவில் இன்னொரு 250 கிராம் வெண்ணெயைத் தகடாக வைத்து மூடி, மூன்றாக மடிக்க வேண்டும். அரை மணி நேரம் பிரிட்ஜ். மறுபடி தேய்த்து மூன்றாக மடிப்பு. மறுபடி பிரிட்ஜ். மூன்று மடிப்பு முடிந்தால் 3x3x3, உள்ளே 27 அடுக்கு வெண்ணெய். கூட்டு வட்டி மாதிரிதான் :-) அடுப்பில் வைத்ததும் வெண்ணெயில் இருக்கிற தண்ணீர் ஆவியாகி அடுக்குகளைப் பிரிக்கும். நம் பரோட்டா மாஸ்டர் வீசிச் சுருட்டிச் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். என்ன, அவர் கல்லில் போடுகிறார், இது அவனுக்குள் போகிறது.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உப்பு போடாத வெண்ணெய் வாங்குங்கள். நம்மூர் டேபிள் பட்டரில் சட்டப்படி 3 சதவீதம் வரை உப்பு இருக்கலாம். 350 கிராம் வெண்ணெய்க்கு அது பத்து கிராம் வரை வரும். முதல் தடவை அதில்தான் நான் கோட்டை விட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இரண்டாவது மடிப்பு போட்டுக்கொண்டிருக்கும்போது பெரியவள் தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். முந்தின வருஷம் ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சி படித்தவள்.

"அப்பா, இதைத்தானே அந்த ராணி சாப்பிடச் சொன்னா?"

"அதேதான். ரொட்டி இல்லாம தவிச்ச ஜனங்களைப் பாத்து கேக் சாப்பிடச் சொன்னாளே மேரி அந்துவானெத், அவ பிரெஞ்சுல சொன்னது கேக் இல்ல, பிரியோஷ்" என்று அளந்தேன்.

"நிஜமா சொன்னாளா? அம்மா மளிகைக் கணக்கு எழுதினா பில் எங்கேன்னு கேப்பீங்க. இதுக்கு வவுச்சர் எங்கேப்பா?"

பி.காம். படித்து இருபது வருஷம் வங்கியில் வவுச்சர் பார்த்தவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? மாவு பிரிட்ஜில் இருந்த அரை மணி நேரத்தில் தேட ஆரம்பித்தது, பிறகு இரண்டு மூன்று வாரம் போனது. கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கதையின் ஆதாரம் என்று எல்லோரும் காட்டுவது ரூசோவின் சுயசரிதை. 1740 வாக்கில் ரூசோ லியோன் நகரத்தில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் பிள்ளைகளுக்கு வாத்தியார். அந்த வீட்டு ஒயினை நைசாகக் கிளப்பிவிடும் பழக்கம் இருந்தது. ஆனால் கூடக் கடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் அவருக்குக் குடிக்க வராது. இடுப்பில் வாள் கட்டிய கனவான் ரொட்டிக் கடையில் போய் ஒரு துண்டு ரொட்டி வாங்குவதா என்று வெட்கம். அப்போதுதான் அவருக்கு ஒரு "பெரிய இளவரசி" ஞாபகம் வருகிறாள். குடியானவர்களுக்கு ரொட்டி இல்லை என்று சொன்னபோது பிரியோஷ் சாப்பிடச் சொன்னவள் அவள். உடனே இவரும் பலகாரக் கடைக்குப் போய் பிரியோஷ் வாங்கிக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு நாவல் படித்தபடி சாப்பிடுகிறார்.

இளவரசியின் பெயரை ரூசோ எழுதவில்லை. இனி தேதிகளைப் பாருங்கள். மேரி அந்துவானெத் வியன்னாவில் பிறந்தது 1755 நவம்பர் 2. ரூசோ ஒயின் திருடிய காலத்தில் அவள் பிறக்கவே இல்லை. அவர் இந்தப் பகுதியை எழுதியது 1760-களின் நடுவில். அப்போது அவள் ஆஸ்திரியாவில் பத்து வயதுச் சிறுமி. கல்யாணமாகி பிரான்சுக்கு வந்ததே 1770-ல், பதினாலு வயதில். ஆக, பார்ட்டி அக்கவுண்ட் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அவள் பெயரில் டெபிட் போட்டிருக்கிறார்கள்!

இதே கதையை வேறு ஆள் பெயரிலும் சொன்னார்கள். பிற்பாடு 18-ஆம் லூயியாக அரியணை ஏறிய அவளுடைய மைத்துனரே, தன் நினைவுக் குறிப்பில், 14-ஆம் லூயியின் மனைவி மரியா தெரேசா சொன்னதாக எழுதுகிறார். அதில் பிரியோஷ்கூட இல்லை, கறி வைத்துச் சுடுகிற பண்டத்தின் மேல்தோடு. யாரிடமும் ஒட்டாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு என்ட்ரி. நம் பாஷையில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். கடைசியில் எல்லோருக்கும் பிடிக்காத ஒருத்தியின் கணக்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள்.

அவள் நிஜமாக எழுதியது ஒன்று இருக்கிறது. 1774-ல் விளைச்சல் மோசம். அந்த வருஷம் செப்டம்பரில்தான் நிதியமைச்சர் துர்கோ தானிய வியாபாரத்தின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருந்தார். விலை ஏறியது. 1775 ஏப்ரல், மே மாதங்களில் பாரிஸைச் சுற்றிலும் கலவரங்கள். அதற்கு "மாவுப் போர்" என்றே பெயர். ஜூன் மாதம் முடிசூட்டு விழா முடிந்து அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். இவ்வளவு கஷ்டத்திலும் ஜனங்கள் நம்மை நன்றாக நடத்துகிறார்கள், ஆகவே அவர்கள் சந்தோஷத்துக்காக நாம் இன்னும் அதிகம் உழைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதுதான் அதன் சாரம். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

உடனே அவள் புடம் போட்ட தங்கம் என்று சொல்ல வரவில்லை. உடை, நகை, சூதாட்டம் என்று பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தவள்தான். ஊரே "பற்றாக்குறை மேடம்" என்று பட்டப்பெயர் வைத்தது. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? 1788-ஆம் வருஷ பட்ஜெட்டில் அரண்மனைச் செலவு மொத்தம் 6 சதவீதம் வாக்கில். கடனுக்கான வட்டியும் தவணையும் பாதிக்குப் பாதி. அமெரிக்க விடுதலைப் போருக்குக் கடன் வாங்கிச் செலவழித்ததே நூறு கோடி லிவர்களுக்கு மேல். பிரான்சு மூழ்கியது கடனில். ஆனால் வட்டி விகிதத்தைப் பார்த்து யாரும் கல்லெறிய முடியாது இல்லையா? எறிவதற்கு ஒரு முகம் வேண்டும்.

இதற்கு நடுவில் 1785-ல் வைர நெக்லஸ் வழக்கு. நம் வங்கி நண்பர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ராணிக்கு ரகசியமாக நெக்லஸ் வாங்குவதாகச் சொல்லி, ஒரு கார்டினலை நம்பவைத்து, தவணை முறையில் 16 லட்சம் லிவர் நெக்லஸை ஒரு கும்பல் தட்டிக்கொண்டு போனது. ஒப்பந்தத்தில் போட்டிருந்த கையெழுத்து "மேரி அந்துவானெத், பிரான்சு". பிரான்சு ராணிகள் பெயரை மட்டும்தான் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், நாட்டுப் பெயரைச் சேர்க்க மாட்டார்கள். ஸ்பெசிமன் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஒரு குமாஸ்தா இருந்திருந்தால் அஞ்சு நிமிஷத்தில் பிடித்திருப்பான். பார்க்கவில்லை. ராணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஊர் அவளைத்தான் நம்பவில்லை.

பிறகு 1788 ஜூலை 13-ல் பெரிய ஆலங்கட்டி மழை, பயிர் நாசம். தொடர்ந்து கடும் குளிர். 1789 தொடக்கத்தில் பாரிஸில் நாலு பவுண்டு ரொட்டி 14½ சூ. சாதாரணமாக 8, 9 சூ விற்றது. கூலியாளின் ஒரு நாள் சம்பளமே 20, 30 சூதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரொட்டிக்கே இந்தப் பாடு என்றால், வெண்ணெயும் முட்டையும் போட்ட பிரியோஷ் எங்கே? அதனால்தான் அந்தக் கதை அவ்வளவு எரிந்தது. பசித்தவனுக்கு அது நம்பும்படியாக இருந்தது. 1789 அக்டோபர் 5-ல் பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் வரை நடந்தே போனார்கள். மறுநாள் அரச குடும்பத்தைப் பாரிஸுக்குக் கூட்டி வந்தபோது அவர்களுக்கு வைத்த பெயர்: ரொட்டிக்காரன், ரொட்டிக்காரன் பெண்டாட்டி, ரொட்டிக்காரன் பையன். 1793 அக்டோபர் 16-ல் அவள் தலை போனது.

பிரியோஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1404-லேயே எழுத்தில் வந்துவிட்ட பெயர் அது. ஷார்தேன் 1763-ல் ஒரு பிரியோஷின் தலையில் ஆரஞ்சுப் பூங்கொத்தைச் செருகி வரைந்த படம் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1838, 39 வாக்கில் அவுகுஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரியர் பாரிஸில் வியன்னா பாணி ரொட்டிக் கடை திறந்தார். (பிற்பாடு ஊர் திரும்பிப் பத்திரிகை நடத்தி, வங்கியும் நடத்தினாராம். நம்ம ஆள்!) அதன் பிறகு இந்த வெண்ணெய்ப் பலகாரங்களுக்கெல்லாம் பிரெஞ்சில் "வியன்னாச் சரக்கு" என்கிற அர்த்தத்தில் பொதுப்பெயரே வந்துவிட்டது. ஆஸ்திரியாக்காரி என்று ராணியைத் திட்டிய ஊர், வியன்னா பெயரை வைத்துத்தான் இன்றைக்கும் காலைப் பலகாரம் சாப்பிடுகிறது.

இதையெல்லாம் பெரியவளிடம் பிரிண்ட் அவுட் எடுக்காத குறையாக விளக்கினேன். கேட்டுவிட்டு, "பாவம்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை வேறு எங்கேயோ கொண்டுபோனது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் வேலை. கேஷ் கவுண்டரில் ஒரு அம்மா, கடுகடு முகம், வேலையில் கெட்டி. பென்ஷன் வாங்க வந்த பெரியவர் ஒருவர் நிற்க முடியவில்லை என்றபோது, நிற்க முடியாதவர் எதற்கு உயிரோடு வர வேண்டும் என்று அந்த அம்மா கேட்டதாக ஒரு கதை கிளம்பியது. நானும் டீ நேரத்தில் நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்தேன். சொன்னதைக் காதால் கேட்டவர் ஒருத்தரும் இல்லை. எந்தப் பெரியவர் என்றும் தெரியாது. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, இதே கதையை, இதே வார்த்தைகளில், இன்னொரு கிளையில் இன்னொரு அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நான் ஒன்றும் செய்யவில்லை. கவுண்டரிலிருந்து எடுத்து ரெக்கார்டு ரூமில் உட்கார வைத்தார்கள் அந்த அம்மாவை. ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

மகளிடம் இதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "நீங்க அவங்ககிட்ட சாரி சொன்னீங்களா?" என்றாள்.

ஒரு பழைய நண்பர் மூலம் நம்பர் வாங்கிப் போன வாரம் போன் செய்தேன். அடையாளம் கண்டுகொண்டார். சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்தப் பெரியவருக்கு அன்னிக்கு நான்தான் சார் ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். யாரும் என்கிட்ட கேக்கவே இல்லை" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, எனக்கும் பேச வாய் வரவில்லை. குழந்தைகளை விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

பிரியோஷ் அன்றைக்கு எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? ஒரு பக்கம் வெண்ணெய் கசிந்து லேசாகத் தீய்ந்திருந்தது. மற்ற பக்கம் இதழ் இதழாக, நன்றாகவே இருந்தது. சின்னவன் நாலு சாப்பிட்டான். மார்ச் வந்தால் வெயில் ஆரம்பித்துவிடும். அதற்குள் இன்னொரு தடவை செய்து பார்க்க வேண்டும்.