எழுபதாயிரம் கையெழுத்தும் காசிமேடும்

'ஆங்கில மோகம்' என்பது நம் இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி ஒலிக்கும் சொல். காசிமேட்டில் மீன் விற்ற காசில் பிள்ளையை மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு அனுப்பும் தாயைப் போன்றவர்கள் மீதே அது பெரும்பாலும் வீசப்படுகிறது. அந்த மோகத்தின் பூர்வீகத்தைத் தேடினால், அது மீன்பிடி துறைமுகத்தில் பிறந்ததல்ல என்பது விளங்கும்.

1839 நவம்பரில் சென்னைவாசிகள் 70,000 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் துணைநின்ற அம்மனு, ஆங்கிலத்தில் உயர்கல்வி வேண்டும் என்றது. 1841இல் திறக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளியே பின்னாளில் மாநிலக் கல்லூரியாயிற்று. 1842இல் கறுப்பர் நகரத்தில் பச்சையப்பர் அறக்கொடையால் ஏழை இந்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தோன்றியது. காசிமேட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களுக்கு அதன் கதவு பல பத்தாண்டுகள் திறக்கவில்லை.

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை, மேற்கல்விக்கு ஆங்கிலம், பெருந்திரளான மக்களுக்குத் தாய்மொழி என்று வகுத்தது. காகிதத்தில் நியாயமான ஏற்பாடுதான். ஆனால் உத்தியோகம் ஆங்கிலத்தில் இருந்தது. துறைமுகத்தில் கணக்கெழுதியவரையும் மூட்டை சுமந்தவரையும் பிரித்தது அந்த மொழியே. சுமந்தவர் அதை நாள்தோறும் கண்டார். தம் பிள்ளைக்கு அதையே விரும்பினார். இதை மோகம் என்பதைவிட அனுபவ அறிவு என்பதே பொருந்தும்.

ஐந்தாம் வகுப்புவரை தமிழையோ தாய்மொழியையோ பயிற்றுமொழியாக்க 1999இல் தமிழக அரசு பிறப்பித்த ஆணையை, மறு ஆண்டே சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2012க்குப் பிறகு அரசே தன் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்கியது. பெற்றோரின் தீர்ப்பை அரசும் ஏற்றுக்கொண்டது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

எனினும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் வீட்டிலும் புழங்குகிறது. தமிழும் நூல்களாய் அலமாரியில் நிற்கிறது. அவனுக்கு இருமொழிக் கல்வி உண்மையிலேயே கிட்டுகிறது. கடலோரத்துப் பிள்ளையோ பொருள் விளங்காத விடைகளை நெட்டுருப் போடுகிறான். கட்டணம் கட்டியும் ஆங்கிலம் கைவரவில்லை, தமிழும் தேறவில்லை. அவன் தாயின் ஆசையில் குற்றமில்லை. அவள் கொடுத்த பணத்துக்கு அவளிடம் விற்கப்பட்டது என்ன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. நம் பிள்ளைகளை எங்கே படிக்க வைத்தோம் என்பதைச் சொல்லிவிட்டு அதைக் கேட்பது நேர்மையாக இருக்கும்.