மூலைக்கு மூலை அளந்தால் போதுமா?



செவ்வக வடிவான ஒரு வீட்டு மனையை மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்து, “இது 65 அடி” என்று ஒருவர் சொல்கிறார். மனையின் பரப்பளவு என்ன? நம் பிள்ளைகளிடம் கேட்டால் உடனே பேனாவை எடுப்பார்கள். ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும்.

நீளம் 63 அடி, அகலம் 16 அடி கொண்ட மனைக்கும் மூலைவிட்டம் 65 அடிதான். அதன் பரப்பளவு 1,008 சதுர அடி. நீளம் 60 அடி, அகலம் 25 அடியானாலும் அதே 65 அடிதான். பரப்பளவோ 1,500 சதுர அடி. 52 அடிக்கு 39 அடி என்றாலும் மூலைவிட்டம் மாறவில்லை. பரப்பளவு 2,028 சதுர அடியாகிவிடுகிறது. கயிறு ஒன்றுதான், நிலமோ ஒன்றுக்கு இரண்டாக வேறுபடுகிறது. ஆகவே மூலைவிட்டம் மட்டும் தெரிந்தால் பரப்பளவு தெரியாது. இன்னோர் அளவும் வேண்டும். அந்த இரண்டாவது அளவை மனிதர்கள் எப்படியெல்லாம் தேடிக் கண்டார்கள் என்பதே இன்றைய உரை.

தோட்ட மக்களாகிய நமக்கு இது வெறும் பள்ளிக்கணக்கு அன்று. 1950-களில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் இந்நாட்டுத் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்தனர். தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் இழந்தனர். இந்த நிலையில்தான் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டி, 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை அது வாங்கியது. பிறர் நிலத்தில் உழைத்தவர்கள் நிலத்தில் பங்குடையவர் ஆயினர். நிலத்தில் பங்கு உண்டென்றால் அளவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இனி வரலாற்றுக்கு வருவோம். ஈராக் நாட்டின் தலைநகரான பாக்தாத்தை ஒட்டிய டெல் எத்-திபாயி என்னும் மேட்டில் 1962-இல் ஒரு களிமண் பலகை அகழ்ந்தெடுக்கப்பட்டது. அது கி.மு. 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்க அறிஞர் பித்தாகரசு பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. செவ்வகத்தின் மூலைவிட்டம் ஒன்றேகால், பரப்பளவு முக்கால், பக்கங்கள் எவ்வளவு? நாம் கேட்ட கேள்வியையே அவர்கள் மறுபுறமிருந்து கேட்டிருக்கிறார்கள்.

எளிமைக்காக நீளங்களை 20 மடங்காக்கிக்கொள்வோம். அப்போது மூலைவிட்டம் 25, பரப்பளவு 300. மூலைவிட்டத்தை அதே எண்ணால் பெருக்கினால் 625. பரப்பளவை இரட்டித்தால் 600. மீதி 25. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 25 வரும்? ஐந்து. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஐந்துதான். வித்தியாசம் 5, பெருக்குத்தொகை 300 என்றால் பக்கங்கள் 20, 15. பலகை எழுதியவர் விடையோடு நிறுத்தவில்லை. கிடைத்த பக்கங்களைக் கொண்டு மூலைவிட்டமும் பரப்பளவும் திரும்ப வருகின்றனவா என்று சரிபார்த்தும் இருக்கிறார். நம் பிள்ளைகள் அவசியம் பின்பற்ற வேண்டிய பழக்கம் இது.

இது ஏன் சரியாக வருகிறது? வீட்டில் கத்தரிக்கோல் இருந்தால் போதும். 20 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இரண்டு தாள்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றின் நீண்ட பக்கங்கள் வெளிப்புறமாக அமையும்படி, பக்கத்துக்கு ஒன்றாகச் சுற்றி அடுக்குங்கள். 25 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம் உருவாகும். நடுவில் மட்டும் ஐந்துக்கு ஐந்து அளவில் ஒரு சிறு சதுரம் வெறுமையாக இருக்கும். இரண்டு தாள்களின் பரப்பு 600, நடுச்சதுரம் 25, ஆக மொத்தம் 625. சூத்திரத்தை மனப்பாடம் செய்யாத பிள்ளையும் இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்.

அடுத்து இந்தியா. வேள்வி மேடைகளைச் செங்கல்லால் அளவு பிசகாமல் கட்டுவதற்கு எழுந்த நூல்கள் சுல்ப சூத்திரங்கள். சுல்பம் என்றால் கயிறு. அவற்றுள் பழமையானது போதாயனருடையது, கி.மு. 800-க்கும் 500-க்கும் இடைப்பட்டது என்பர். செவ்வகத்தின் இரு பக்கங்களும் தனித்தனியே உண்டாக்கும் சதுரங்கள் சேர்ந்து, மூலைவிட்டக் கயிறு உண்டாக்கும் சதுரத்துக்குச் சமம் என்ற விதி அதில் உள்ளது. இதன்படி, மூலைவிட்டத்தோடு ஒரு பக்கம் தெரிந்தால் போதும். மூலைவிட்டம் 25, அகலம் 15 என்றால் 625-இலிருந்து 225-ஐக் கழிக்கிறோம், மீதி 400. ஆகவே நீளம் 20, பரப்பளவு 300.

சீன நாட்டில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற நூலில் ஒரு கதவுக் கணக்கு வருகிறது. கதவின் உயரம் அகலத்தைவிட 6.8 சீன அடி கூடுதல். மூலைக்கு மூலை 10 அடி. நூல் தரும் விடை: உயரம் 9.6, அகலம் 2.8. கத்தரித்த தாளை நினைவில் கொண்டால் பரப்பளவை நேராகவே பெறலாம். 10-இன் வர்க்கம் 100. அதிலிருந்து 6.8-இன் வர்க்கமான 46.24-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 26.88. உயரத்தை அகலத்தால் பெருக்கினாலும் அதே விடைதான்.

இறுதியாக, நம் முன்னோர் விட்டு வந்த தமிழ்நாடு. அங்கே வயல்கள் பெரும்பாலும் சரியான செவ்வகமாக அமைவதில்லை. ஆகவே நில அளவையாளர்கள் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சங்கிலி பிடித்து அளந்தனர். பிறகு அந்தக் கோட்டிலிருந்து மற்ற இரு மூலைகளுக்கும் செங்குத்தாக உள்ள தூரத்தை அளந்தனர். செங்குத்துகள் இரண்டையும் கூட்டி, மூலைவிட்டத்தால் பெருக்கி, பாதியாக்கினால் பரப்பளவு. இந்த அளவுகள் புலப்படம் எனப்படும் வரைபடத்தில் பதிவாயின. நம் செவ்வகத்தையே பாருங்கள். மூலைவிட்டம் 25, செங்குத்துகள் பன்னிரண்டு, பன்னிரண்டு. 24-ஐ 25-ஆல் பெருக்கினால் 600, பாதி 300. மண் பலகையின் கணக்கும் வயல்வெளியின் சங்கிலியும் ஒரே விடையில் வந்து சேர்கின்றன. மூலைகள் சற்றுக் கோணலாக இருந்தாலும் இம்முறை பிசகாது. மற்ற முறைகளுக்கோ நான்கு மூலைகளும் செங்கோணமாக இருக்க வேண்டும்.

செங்கோணம் என்று எப்படி அறிவது? எதிர்ப் பக்கங்கள் சமமாகவும், இரண்டு மூலைவிட்டங்களும் சமமாகவும் இருந்தால் செங்கோணம் உறுதி. திடலில் பூப்பந்துக் கோடு போடும் இளைஞர்களும் இதைச் செய்து பார்க்கலாம். களத்தின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். குறுக்கே எப்படி அளந்தாலும் 14.723 மீட்டர் வர வேண்டும். ஒரு குறுக்கு நீண்டு மற்றொன்று குறைந்தால் களம் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

பெற்றோர்களே, சுங்கை காடுட் போன்ற தோட்டப்புறங்களில் வளரும் பிள்ளைகள் நாளை மனை வாங்குவார்கள், வீடு கட்டுவார்கள். அப்போது ஒரே ஓர் அளவைக் காட்டி யாரேனும் பரப்பளவைச் சொன்னால், “இன்னோர் அளவு எங்கே?” என்று கேட்கும் துணிவு அவர்களுக்கு வேண்டும். நிலப் பத்திரத்துடன் உள்ள வரைபடத்தை விரித்து, பக்கங்களைத் தாமே பெருக்கிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். கணக்கு அறிந்தவனை ஏய்ப்பது கடினம். இன்றிரவே பிள்ளைகளோடு அமர்ந்து அந்த இரண்டு தாள்களைக் கத்தரித்துப் பாருங்கள்.