அலுப்பின் ஜாதகம்

ஆங்கிலேயனுக்கு அலுப்பு எப்போது பிறந்தது என்று கேட்டால், ஏறக்குறைய ஆண்டைக்கூடச் சொல்லிவிடலாம். மனிதனுக்கு எந்தக் காலத்திலும் அலுத்திருக்கும். நான் சொல்வது சொல்லின் ஜாதகத்தை. 'போரடிக்கிறது' என்று இன்று நம் வீட்டுக் குழந்தைகள்கூடச் சலித்துக்கொள்கின்றன. களத்தில் நெற்கதிரைப் போரடித்த பாட்டன் காதில் விழுந்தால், அறுவடை முடிந்துவிட்டதா என்று விசாரித்திருப்பான்! ஷேக்ஸ்பியரிடம் போய் 'போர்' என்றிருந்தாலோ, தச்சன் மரத்தைத் துளைக்கிற வேலையைத்தான் நினைத்திருப்பார்.

1768-ஆம் ஆண்டில் கார்லைல் பிரபு என்ற இளைஞர் ஒரு கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரர் சிலரிடம் அகப்பட்டு விழிக்கப் போகும் தம் குதிரைப் பந்தயத் தோழர்களுக்காக அதில் பரிதாபப்படுகிறார். அங்கேதான் இந்தச் சொல் நமக்குத் தெரிந்த பொருளில் தலைகாட்டுகிறது. துளைப்பதற்கும் இதற்கும் உறவு உண்டா என்பதில் பண்டிதர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. எனக்குச் சந்தேகமில்லை. வீண் பேச்சுப் பேசுகிறவனை 'அறுக்கிறான்' என்று சொல்லி ரம்பத்தையும் பிளேடையும் தேடிப்பிடித்தவர்கள் நாம் அல்லவா? காது ஒன்றுதான், ஆயுதம் வேறு.

அதே 1768-இல் ஸ்டெர்ன் என்ற நாவலாசிரியர் தம் பிரயாண நூலை வெளியிட்டார். 'இன்டரஸ்டிங்' என்ற சொல்லைச் சுவாரசியம் என்ற பொருளில் ஆண்டதற்கு அகராதிக்காரர்கள் அந்தப் புத்தகத்தைத்தான் காட்டுகிறார்கள். நோயும் மருந்தும் ஒரே வருஷத்தில்! குதிரைப் பந்தயத்துக்கும் தேசயாத்திரைக்கும் பொழுதிருந்த ஒரு வர்க்கம் அப்போது அங்கே கொழுத்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1852, 53-இல் டிக்கன்ஸ் எழுதிய 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் டெட்லாக் சீமாட்டி சாகிற அளவுக்கு அலுத்துக்கொள்கிறாள். அதே நாவலில் தெருக்கூட்டும் பையன் ஜோ அலுத்துக்கொள்வதில்லை. அவனுக்குப் பசிக்கவே நேரம் சரியாக இருக்கிறது.

'இன்டரஸ்ட்' என்றால் வட்டி என்பதும் நமக்குத் தெரியும். ஆதியில் அது வட்டிகூட இல்லை. கடன் வாங்கியவன் தவணை தவறினால், கொடுத்தவனுக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடாகக் கட்டவேண்டிய தொகைக்கு இடைக்கால ஐரோப்பியச் சட்டக்காரர்கள் வைத்த பெயர் அது. ஒருவனுடைய நஷ்டத்திலிருந்து இன்னொருவனுடைய ரசனைக்கு வந்து சேர்ந்த சொல்!

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு இது உறுத்துகிற சமாசாரம். 1819-இல் 'ஐவன்ஹோ'வை வெளியிட்ட வால்டர் ஸ்காட், அதை டாக்டர் டிரையாஸ்டஸ்ட் என்ற கற்பனைப் புலவருக்குக் காணிக்கையாக்கினார். பெயருக்குப் பொருள் 'புழுதிபோல் வறண்டவர்'. பழங்காலத்தைச் சுவாரசியமாக்க வேண்டுமானால் இன்றைய மனிதருக்குப் புரிகிற நடைக்கு அதைக் கொண்டுவந்தாக வேண்டும் என்று அந்தக் காணிக்கை மடலில் வாதாடுகிறார். வாதத்தில் நான் ஸ்காட் கட்சி. ஆனால் நாம் சப்புக்கொட்டிப் படிக்கிற முற்றுகையும் கொள்ளையும் அன்று இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

'சுவாரசியமான காலத்தில் வாழக்கடவாய்' என்று சீனர்கள் சபிப்பார்களாம். 1936-இல் ஆஸ்டின் சேம்பர்லின் இதை மேடையில் சொன்னார். 1966 ஜூனில் கேப்டவுனில் ராபர்ட் கென்னடியும் சொன்னார். சீன நூல்களில் தேடியவர்களுக்கு அப்படி ஒரு சாபம் அகப்படவில்லை. ஆங்கிலேயர் தாமே செய்து சீன முத்திரை குத்திய சரக்கு போலிருக்கிறது. சற்று நெருங்கிவருவது, ஃபெங் மெங்லோங் என்ற கதாசிரியர் 1627-இல் எழுதிய நூலில் உள்ள வாசகம்தான். கலக காலத்து மனிதனாக இருப்பதைவிட அமைதிக் காலத்து நாயாக இருப்பது மேல் என்பது அதன் கருத்து. பதினேழு ஆண்டு கழித்து மிங் அரசு கவிழ்ந்தது. அதைப் பார்த்துவிட்டு, 1646-இல் அவர் கண்ணை மூடினார்.